நடந்துகொண்டே பேசுவோருக்குக் கம்பியில்லா மைக்: எந்த வேலைக்கு எந்தக் கருவி?

ஓரிடத்தில் நின்று பேசுபவருக்கு ஒரு மைக்கும் ஒரு ஸ்டாண்டும் போதும். ஆனால், நம் சமூகத்தில் குரலை நம்பி வேலை செய்பவர்களில் பலர் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேசைக்கு மேசை நடந்து பாடம் சொல்லும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், திடலில் கம்பு சுழற்றிக்கொண்டே அடிவரிசை சொல்லும் சிலம்ப ஆசான், ஆடிக்காட்டியபடியே ஜதி சொல்லும் நடன ஆசிரியை, லெபோ பினாங்கில் சுற்றுப்பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டி, காவடிக்கு முன்னால் பாடியபடி நடக்கும் உறுமி மேளக் குழுவினர் என்று பட்டியல் நீளும்.

இவர்கள் அனைவரும் கடைக்குப் போய்க் கேட்பது ஒரே பெயரைத்தான்: ‘வயர்லெஸ் மைக்’. அந்தப் பெயரில் சில பத்து ரிங்கிட்டுக்கும் பொருள் கிடைக்கிறது, சில ஆயிரம் ரிங்கிட்டுக்கும் கிடைக்கிறது. விலையைவிடப் பெரிய வேறுபாடு அவை வேலை செய்யும் முறையில் உள்ளது. வகுப்பறைக்கு ஏற்ற கருவி மேடையில் காலை வாரும். மேடைக்கு ஏற்றது வகுப்பறைக்கு வீண் செலவு. எது எதற்குப் பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொண்டைக்கு வரும் கேடு

முதலில், மைக் எதற்கு? ‘எனக்கு இயல்பாகவே பெரிய குரல்’ என்று பெருமையாகச் சொல்லும் ஆசிரியர்கள் பலர். அந்தப் பெரிய குரலே சில ஆண்டுகளில் கம்மிப்போவதும் உண்டு.

அமெரிக்காவின் ஐயோவா, யூட்டா மாநிலங்களில் 1,243 ஆசிரியர்களையும் 1,288 பிற தொழிலினரையும் ஒப்பிட்ட ஆய்வு 2004இல் வெளியானது. ஆய்வு நடந்த வேளையில் குரல் கோளாறு இருப்பதாகச் சொன்ன ஆசிரியர்கள் 11 விழுக்காடு. மற்றவர்களில் அது 6.2 விழுக்காடு. அதற்கு முன், 2002இல் வெளியான இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நேரடியாகப் பயன்படும். குரல் கோளாறு இருந்த 44 ஆசிரியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கி தரப்பட்டது. இன்னொரு குழுவுக்குத் தண்ணீர் குடிப்பது, கத்தாமல் இருப்பது போன்ற குரல் பராமரிப்பு முறைகள் கற்றுத்தரப்பட்டன. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒலிபெருக்கி அணிந்தவர்களிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அறிவுரை மட்டும் பெற்றவர்களிடம் அந்த அளவு முன்னேற்றம் இல்லை.

காரணம் எளிது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் கேட்கும் குரல், எட்டு மீட்டர் தள்ளி நிற்பவரை அடையும்போது 18 டெசிபல் இழந்திருக்கும். பாட நேரத்தில் வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மேலே மின்விசிறி சுழல, சன்னல்கள் திறந்திருக்க, வெளியே லாரி ஓடும் அறையில் அந்த அளவை எட்டுவது கடினம். அந்த இரைச்சலுக்கு மேல் குரலை ஏற்றும் சுமை முழுவதும் ஆசிரியரின் தொண்டையில் விழுகிறது. மைக் செய்வது அந்தச் சுமையைத் தொண்டையிலிருந்து பேட்டரிக்கு மாற்றுவதுதான்.

கம்பி அறுந்த கதை

மைக் வருவதற்கு முன் நம் நாடகக் கலைஞர்கள் கடைசி வரிசைக்கும் எட்டும் குரலைப் பழகி எடுத்தார்கள். மைக் வந்த பிறகு வேறு சிக்கல் பிறந்தது. மேலிருந்து தொங்கும் மைக்கின் கீழே வந்துதான் வசனம் பேச வேண்டும். வாள் சண்டை போட்டவரும் வசனத்துக்காக அதன் அடியில் வந்து நிற்பார். குரல் பெரிதானது, கால் கட்டுண்டது.

அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1953இல் கலைஞர்களுக்கென ஒரு கம்பியில்லா மைக்கை வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் ‘வாகபாண்ட்’, அதாவது நாடோடி. பெயர் நாடோடி என்றாலும், ஏறத்தாழ 700 சதுர அடிப் பரப்புக்குள்தான் அதனால் உலவ முடிந்தது. இன்று கட்டைவிரல் அளவுக் கருவி அதைவிடப் பல மடங்கு தூரம் போகிறது. ரோட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘வயர்லெஸ் கோ’வின் எடை சுமார் 31 கிராம்தான்.

மூன்று உறுப்புகள்

எல்லாக் கம்பியில்லா மைக்கிலும் மூன்று உறுப்புகள் உண்டு. ஒலியைப் பிடிக்கும் மைக், அதை வானலையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், அலையைப் பிடித்து மீண்டும் ஒலிச் சமிக்ஞையாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ரிசீவர். கையில் பிடிக்கும் மைக்கில் முதல் இரண்டும் ஒரே உடலுக்குள் இருக்கும். ஹெட்செட், காலர் மைக் போன்றவற்றில் டிரான்ஸ்மிட்டர் தனியாக இடுப்பில் தொங்கும்.

எந்த அலையில் அனுப்புகிறது என்பதை வைத்து இன்று கடைகளில் அதிகம் காணப்படுபவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

யூஎச்எஃப்: மேடைக்கான வகை. இதன் அலை மனித உடலையும் மேடைப் பொருள்களையும் ஓரளவு சுற்றிக்கொண்டு போகும். பல மைக்குகளை ஒரே நேரத்தில் இயக்க முடியும். ஆனால், அலைவரிசையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ்: சட்டையில் செருகும் சிறிய மைக்குகளில் பெரும்பாலானவை இந்த வகை. அலைவரிசையைத் தானே தேடிக்கொள்ளும்; இயக்குவது எளிது. ஆனால், வைஃபையும் புளூடூத்தும் இதே வீதியில்தான் ஓடுகின்றன. மேலும், நீர் நிறைந்த மனித உடல் இந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும். பெட்டியில் ‘200 மீட்டர்’ என்று போட்டிருந்தால், அது இடையில் மறைப்பே இல்லாத வெளிக்கான கணக்கு. ஆள் நிறைந்த மண்டபத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

புளூடூத்: இரவுச் சந்தையில் விற்கும் புளூடூத் கரோக்கே மைக்குகளும், கைப்பேசியோடு இணையும் ஸ்பீக்கர்களும் இதில் அடங்கும். பாட்டுக் கேட்க நல்லது. நேரடிப் பேச்சைப் புளூடூத் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பினால், பேசுவதற்கும் கேட்பதற்கும் இடையில் நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில கருவிகளில் அதற்கும் மேல் தாமதம் வரும். காற்றில் ஒலி அந்த நேரத்தில் 34 மீட்டர் போய்விடும். தன் குரலே பின்னால் வந்து முட்டினால் யாராலும் சீராகப் பேச முடியாது. ஜதி சொல்பவருக்குத் தாளமே தப்பிவிடும்.

வகுப்பறைக்கு

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை செபராங் பிறையில் இருப்பவை. பல இன்றும் தோட்டங்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஒரு சாதாரண வகுப்பறைக்கு வானலைக் கருவியே தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தலையில் மாட்டும் மைக்கிலிருந்து ஒரு சிறு கம்பி இடுப்பு ஸ்பீக்கருக்குப் போகும் கருவிதான் வகுப்பறைக்கு மிகவும் பொருத்தமானது. மேலே சொன்ன 2002 ஆய்வில் பயன்பட்டதும் இந்த வகைதான். கம்பி உடலோடு உடலாக இருப்பதால் நடப்பதற்குத் தடையில்லை. வானலை இல்லாததால் பக்கத்து வகுப்பு ஆசிரியரின் கருவியோடு மோதாது, தாமதம் இல்லை, விலையும் குறைவு. 10 முதல் 20 வாட் வரையிலான ஸ்பீக்கரே போதும்.

இதைப் பயன்படுத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடைசி வரிசை மாணவரிடம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசும் குரலில் பேசிப் பாருங்கள். அவருக்குத் தெளிவாகக் கேட்கும் அளவோடு ஒலியை நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் சுவரில் பட்டு எதிரொலித்துச் சொற்கள் குழம்பும். மைக்கை மாட்டிக்கொண்டும் பழைய பழக்கத்தில் உரக்கப் பேசினால் தொண்டைக்கு எந்தப் பயனும் இல்லை.

சபைகூடலுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் இது போதாது. அதற்குத் தள்ளிச் செல்லும் சக்கர ஸ்பீக்கரும், அதனுடன் வரும் யூஎச்எஃப் கைமைக்கும் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு செட் வாங்குவதாக இருந்தால், அதைத் திடலுக்கு என்று வாங்கட்டும். வகுப்பறைக்கு இடுப்புக் கருவிகளைத் தனியாக வாங்கட்டும். ஒன்றையே இரண்டுக்கும் பயன்படுத்த நினைத்தால் அது பொருள் அறையில் தூசி படிந்து கிடக்கும்.

ஆடிக்கொண்டே சொல்லித்தருவோருக்கு

சிலம்பம், பரதநாட்டியம், உடற்பயிற்சி வகுப்பு ஆகியவற்றில் கைகள் இரண்டும் வேலையில் இருக்கும். கைமைக் ஆகாது. சட்டையில் செருகும் காலர் மைக்கும் இங்கே சரிவராது. அது வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருப்பதால் இசையும் கால் சத்தமும் சேர்ந்து விழும். துணி உரசும் ஓசையும் கேட்கும். வாய் ஓரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நிற்கும் ஹெட்செட் மைக், அதே குரலைக் காலர் மைக்கைவிடப் பல மடங்கு வலுவாகப் பிடிக்கும். அதனால் ஒலியைக் குறைவாக வைத்தாலே போதும். ஸ்பீக்கர் ஊளையிடும் தொல்லையும் குறையும்.

மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்கக்கூடாது. மூச்சுக் காற்று நேராக அடித்து ‘ப்’, ‘ப்’ என்று வெடிக்கும். வாயின் ஓரத்தில், கன்னத்தை ஒட்டினாற்போல் இருக்கட்டும்.

இந்த வேலையில் மைக்கின் முதல் எதிரி வியர்வை. நம் வெயிலில் ஒரு மணி நேரப் பயிற்சியில் உப்பு நீர் கன்னத்தின் வழியே மைக் முனைக்கும், முதுகின் வழியே டிரான்ஸ்மிட்டருக்கும் இறங்கும். குரல் திடீரென அமுங்கியோ கரகரத்தோ வந்தால் பெரும்பாலும் காரணம் இதுவே. டிரான்ஸ்மிட்டரை ஈரம் புகாத சிறு பைக்குள் போட்டு இடுப்புப் பட்டையில் வைக்கலாம். ஆண்டெனா கம்பியை மட்டும் சுருட்டி உள்ளே திணிக்க வேண்டாம். 600 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அதன் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டுச் செய்திருப்பார்கள். சுருட்டினால் அந்தக் கணக்கு கெட்டு, தூரம் குறைந்துவிடும்.

கோயில் திருவிழாவிலும் மேடையிலும்

தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையில் வரிசையாகத் தண்ணீர்ப்பந்தல்கள் நிற்பதை நாம் அறிவோம். பந்தலுக்கு ஒரு செட், பஜனைக் குழுவுக்கு ஒரு செட், காவடிக் குழுவுக்கு ஒரு செட் என்று வைத்துக்கொண்டால், குறுகிய தூரத்துக்குள் எத்தனை கருவிகள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே மாடல், ஒரே அலைவரிசை என்றால் அடுத்த பந்தலின் அறிவிப்பு உங்கள் ஸ்பீக்கரில் ஒலிக்கும்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள். அலைவரிசை மாற்ற முடியாத நிலையான செட்டை வாங்காதீர்கள். ரிசீவரில் ‘ஸ்கேன்’ பொத்தான் இருந்தால், நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே, எல்லாக் கருவிகளும் ஓடும் வேளையில் அழுத்திக் காலி இடத்தைத் தேடுங்கள். வீட்டில் செய்து வைத்த ஸ்கேன் அங்கே பயன்படாது. பக்கத்துப் பந்தல் பொறுப்பாளர்களோடு முதல் நாளே பேசி அலைவரிசைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மேடையில் மூன்று மைக்குகளை 600, 601, 602 என்று சம இடைவெளியில் வைப்பது பலர் செய்யும் தவறு. 600, 601 இரண்டும் அருகருகே இயங்கும்போது அவை கலந்து 599, 602 ஆகிய இடங்களிலும் பொய் அலைகளை உண்டாக்கும். மூன்றாவது மைக் அந்த 602இல்தான் உட்கார்ந்திருக்கிறது. இடைவெளிகளைச் சமமற்றதாக வைக்க வேண்டும். நல்ல செட்டுகளில் இதற்கென்றே தொகுத்த ‘குரூப்’ வரிசைகள் இருக்கும். எல்லா மைக்குகளையும் ஒரே குரூப்பிலிருந்து தேர்ந்தெடுத்தால் கணக்குப் போடும் வேலை மிச்சம்.

ரிசீவரை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். மண்டபத்தின் பின்கோடியில், கூட்டத்துக்குப் பின்னால் வைத்தால் நூற்றுக்கணக்கான உடல்களைத் தாண்டி அலை வர வேண்டும். மேடையின் பக்கத்தில், தலைக்கு மேல் உயரத்தில், பாடுபவர் கண்ணில் படும் இடத்தில் வைத்து, அங்கிருந்து கம்பியில் ஒலியை மிக்சருக்குக் கொண்டு போங்கள். இரண்டு ஆண்டெனாவும் தனித்தனியாக அலையைப் பிடிக்கும் ‘டைவர்சிட்டி’ ரிசீவராக இருந்தால், ஒன்றில் அலை விழாத நொடியில் மற்றொன்று கைகொடுக்கும்.

பாரம்பரியத் தெருக்களில்

ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் உலகப் பாரம்பரிய நகரமானது. ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங்கை ‘ஒற்றுமைத் தெரு’ என்பார்கள். பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், குவான் இன் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் என்று நான்கு சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு வழிகாட்டியும் இடுப்பு ஸ்பீக்கரைத் திறந்தால், வழிபடுபவருக்கும் தொல்லை, பக்கத்துக் குழுவுக்கும் தொல்லை.

இதற்கென்றே உள்ள கருவிதான் ‘டூர் கைட் சிஸ்டம்’. வழிகாட்டியிடம் ஒரு டிரான்ஸ்மிட்டர்; பயணிகள் ஒவ்வொருவர் காதிலும் ஒரு சிறு ரிசீவர். வழிகாட்டி மெல்லிய குரலில் பேசினாலும், ஐந்தடிப் பாதையில் பின்தங்கிப் படம் எடுத்துக்கொண்டிருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். ஒரே டிரான்ஸ்மிட்டருக்கு எத்தனை ரிசீவரும் சேர்க்கலாம் என்பதால் தொடக்கத்தில் பத்து வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். காதில் செருகும் பகுதியை ஒவ்வொரு பயணத்துக்கும் மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுகாதாரத்துக்கு அதுவே நல்லது.

சட்டமும் பழைய செட்டுகளும்

கம்பியில்லா மைக் என்பதும் ஒரு சிறு வானொலி நிலையம்தான். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதற்கான அலைவரிசைகளை வகுத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் இயங்கும் குறைந்த சக்திக் கருவிக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை. ஆனால், மற்றச் சேவைகளுக்கு இடையூறு செய்யக்கூடாது. நமக்கு இடையூறு வந்தால் பாதுகாப்புக் கோரவும் முடியாது.

இங்கேதான் பழைய செட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். 2019 அக்டோபர் 31ஆம் நாளோடு நாடு முழுவதும் அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு முடிவுக்கு வந்தது. டிஜிட்டல் தொலைக்காட்சி 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்குள் அடங்கியது. அதற்கு மேலே காலியான 700 பட்டை கைப்பேசிச் சேவைக்குப் போனது. 2021 டிசம்பரில் தொடங்கிய 5ஜி சேவை பயன்படுத்தும் பட்டைகளில் அதுவும் ஒன்று. முன்பு வாங்கிய பல செட்டுகள் 700க்கும் 800க்கும் இடைப்பட்ட அலைவரிசையில் இயங்குபவை. ‘நேற்று வரை நன்றாக இருந்த மைக் இன்று விட்டுவிட்டுக் கேட்கிறது’ என்றால், கருவி கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அது நின்ற இடம் இப்போது வேறொருவருக்குச் சொந்தம். கருவியின் அடியில் அச்சிட்டிருக்கும் எண் 694க்கு மேல் இருந்தால், பழுது பார்க்கப் பணம் செலவழிக்காமல் மாற்றிவிடுவதே நல்லது. இரண்டாம் கை செட் வாங்குவோர் இந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

முறையாகச் சான்று பெற்ற கருவியில் எம்சிஎம்சி முத்திரை இருக்கும். சான்றளிக்கும் பணியைச் செய்வது சிரிம் நிறுவனம். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேராக வாங்கும் கருவிகளில் முத்திரையும் இருக்காது, அவை நம் நாட்டு அலைவரிசைக்கு ஏற்றவையாகவும் இல்லாமல் போகலாம்.

வாங்கும் முன் ஐந்து சோதனைகள்

1. கடையிலேயே டிரான்ஸ்மிட்டரை இடுப்பில் மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நடந்து பாருங்கள். உடல் மறைத்தாலும் குரல் அறுபடாமல் வருகிறதா?

2. மைக்கில் ‘ஒன்று, இரண்டு’ சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரைக் கேளுங்கள். குரல் பின்தங்கி வந்தால் விட்டுவிடுங்கள்.

3. உங்கள் கைப்பேசியில் வைஃபையும் புளூடூத்தும் ஓடும்போது சோதியுங்கள்.

4. பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டதா, கழற்றி மாற்றக்கூடியதா? நாள் முழுவதும் நடக்கும் நிகழ்ச்சிக்கு மாற்றக்கூடியதே பாதுகாப்பு.

5. ஹெட்செட், காற்றுத் தடுப்புப் பஞ்சு, சார்ஜர் ஆகியவை தனியாகக் கிடைக்குமா? முதலில் உடைவது ஹெட்செட் கம்பிதான். அது கிடைக்காவிட்டால் முழு செட்டும் வீண்.

பராமரிப்பு

பயன்படுத்தி முடித்ததும் ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, பஞ்சைக் கழற்றிக் காயவையுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். கடற்காற்றில் உப்பு கலந்திருக்கும் தீவில் இது மிகவும் அவசியம். ஏஏ பேட்டரி போடும் கருவியாக இருந்தால், நீண்ட விடுமுறைக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்த பேட்டரி பல மைக்குகளின் உயிரைக் குடித்திருக்கிறது. பழையதையும் புதியதையும் கலந்து போட வேண்டாம்.

ஸ்பீக்கர் ஊளையிட்டால் மைக்கைக் கையால் மூடாதீர்கள். அது ஊளையைக் கூட்டும். ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்றால் பின்னால் வாருங்கள், பிறகு ஒலியைக் குறையுங்கள்.

கடைசியாக ஒன்று. மைக் வந்த பிறகும் குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைக் கருவியால் மறைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டி, காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். மைக்கை மாற்றிவிடலாம், தொண்டைக்கு மாற்று கடையில் கிடைக்காது.